பருப்புத் தண்ணீரில் திரண்ட புரதம்: ரெஜினா டீச்சருக்கு

தலவாக்கலையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். கொழும்பிலிருந்து கௌசல்யா அழைத்தாள். எங்கள் பாடசாலையில் படித்த பிள்ளை அவள். "சேர், ரெஜினா டீச்சர் போயிட்டாங்களாம்" என்றாள். "எந்த ஸ்கூலுக்கும்மா?" என்று கேட்டேன். எங்கள் பக்கத்தில் டீச்சர் போயிட்டாங்க என்றால் இடமாற்றம் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்றுதான் அர்த்தம். அதைத் தவிர வேறு அர்த்தம் எனக்கு உடனே தோன்றவில்லை. அந்தப் பக்கம் அவள் தேம்பத் தொடங்கினாள். நான் ஏற வேண்டிய பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு, என்னை விட்டுவிட்டுப் போனது.

அஞ்சலி எழுதும்போது கோபம் கூடாது என்பார்கள். கூடாதுதான். ஆனால் எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில், ஒரே மேசையின் இரண்டு பக்கமும் இருந்து நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். கணிதம் என்னுடையது. இரசாயனவியலும் உயிரியலும் அவருடையவை. அவரை அறிந்தவர்கள் நான் எழுதுவதில் பிழை இருந்தால் சொல்லட்டும். அறியாதவர்கள் இதைப் படித்தாவது அறிந்துகொள்ளட்டும்.

ரெஜினா டீச்சர் மஸ்கெலியாப் பக்கத்தவர். தாய் கொழுந்து பறித்தார், தகப்பன் கொழுந்து அரைக்கும் தேயிலை ஸ்டோரில் வேலை செய்தார். கத்தோலிக்கக் குடும்பம். ஹட்டனில் விடுதியில் தங்கிப் படித்து, மட்டக்களப்புக்குப் போய்ப் பட்டம் வாங்கினார். கொழும்பில் நல்ல பாடசாலையொன்றில் இடம் கிடைத்தும் போகவில்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. பாடசாலைக்குப் பக்கத்திலேயே தம்பியின் குடும்பத்தோடு இருந்தார். ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "இங்க படிப்பிக்க ஆள் வேணும்னு சொன்னாங்க, வந்தேன். பொய்யா சொன்னாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவருடைய பேச்சே அப்படித்தான். சிரித்த முகத்தோடு குத்துவார்.

அவர் வந்தபோது 'ஆய்வுகூடம்' என்று பலகை மாட்டியிருந்த அறையில் உடைந்த மேசைகளும், விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய கொடிகளும் கிடந்தன. அதைக் கழுவித் துடைத்து, பாடசாலை அதிபரை அரித்தெடுத்து, பல்கலைக்கழகத்துக்கு முந்தின உயர்தர வகுப்பில் விஞ்ஞானப் பிரிவு தொடங்க அனுமதி வாங்கினார். அனுமதி தற்காலிகமானது. செய்முறை வகுப்புகளைப் பார்வையிட்டு, திருப்தியாக இருந்தால்தான் நிரந்தரமாக்குவோம் என்று கல்வி அலுவலக மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அந்தப் பிரிவு நிலைக்குமா, மூடப்படுமா என்பதுதான் அதன்பின் அவருடைய முழு வாழ்க்கையும். அது இல்லையென்றால் விஞ்ஞானம் படிக்க நினைக்கும் பிள்ளை டவுனுக்குப் போக வேண்டும். ஆண் பிள்ளை என்றால் எப்படியோ போய்விடுவான். பெண் பிள்ளையை விடுதியில் விட எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு மனமும் வசதியும் வரும்? டீச்சருக்கு அது தெரியும். அந்த வழியில் நடந்து வந்தவர் அவர்.

அவருக்குப் பிடித்த பாடம் புரதம். அதிலும், கரைசலில் இருக்கும் புரதம் எப்படித் திரண்டு வெளியே வருகிறது என்பதைப் படிப்பிக்கும்போது அவர் குரலே மாறிவிடும். அந்தச் செய்முறைக்கு அமோனியம் சல்பேற்று என்ற உப்பு வேண்டும். மேலிடத்தில் கேட்டு அலுத்துப்போய், ஒருநாள் நேரே தோட்டத்து உரக் கிடங்குக்குப் போய்விட்டார். தேயிலைக்குப் போடும் உரங்களில் அதுவும் ஒன்று. நம் ஆட்கள் மூட்டை மூட்டையாக முதுகில் சுமந்து மலையேற்றுகிற சாமான்.

"எதுக்கு டீச்சர் உரம்? ஸ்கூல்ல தேயில நடப் போறீங்களா?" என்று தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கேட்டாராம்.

"இல்லீங்க, முட்டைக்கு உரம் போடப் போறேன்" என்றாராம் டீச்சர். கண்டாக்கையா சிரித்து முடித்து, ஒரு பை நிறையக் கொடுத்து அனுப்பினார். அதைக் கரைத்து, வடிகட்டி, சுண்டவைத்து, சுத்தமான உப்புப் பளிங்காக எடுத்தார்.

எனக்குப் பாடம் இல்லாத நேரங்களில் ஆய்வுகூடத்தின் கடைசி வாங்கில் போய் உட்கார்ந்துவிடுவேன். அவர் படிப்பிப்பதைக் கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும். "புரதம் தண்ணியில கரைஞ்சு கெடக்கு, கண்ணுக்குத் தெரியல. ஏன் ஒண்ணோடொண்ணு ஒட்டிக்காம இருக்கு?" என்று கேட்பார். பிள்ளைகள் விழிப்பார்கள். "ஒவ்வொண்ணயும் சுத்தித் தண்ணி அணைச்சுப் புடிச்சிருக்கு. அதோட எல்லாத்துக்கும் ஒரே மாதிரி மின்னேற்றம். கிட்ட வந்தா ஒண்ண ஒண்ணு தள்ளும். இது ரெண்டும் இல்லாமப் போனா?"

"ஒட்டிக்கும் டீச்சர்."

"ஒட்டிக்கும். ஒட்டி, பெருசாகி, பாரம் தாங்காம கீழ உக்காரும். அதுதான் வீழ்படிவு. உப்ப நெறையப் போட்டா, உப்பு தண்ணியத் தன் பக்கம் இழுத்துக்கும், புரதத்துக்குத் தண்ணி பத்தாது. எலுமிச்சங்காயப் புழிஞ்சா மின்னேற்றம் சமனாயிரும், தள்ளுறதுக்கு ஒண்ணும் இருக்காது. கொதிக்க வச்சா, சுருண்டு மடிஞ்சிருந்த புரதம் அவுந்து ஒண்ணுக்குள்ள ஒண்ணு சிக்கிக்கும்."

பிறகு உப்பினால் வெள்ளையாகத் திரண்ட குழாயில் தண்ணீர் ஊற்றுவார். வெண்மை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து காணாமல் போகும். பிள்ளைகள் "ஆத்தாடி!" என்பார்கள். கொதிக்க வைத்த குழாயிலும் தண்ணீர் ஊற்றுவார். அது அப்படியே கிடக்கும். "உப்பால திரண்டது திரும்பி வரும். கொதிச்சது வராது. அவிச்ச முட்டையப் பச்ச முட்டையாக்க ஆண்டவராலயும் முடியாது" என்பார். நான் பின்னாலிருந்து, "ஆண்டவர வம்புக்கு இழுக்காதீங்க டீச்சர்" என்பேன். வகுப்பே சிரிக்கும்.

அந்த முட்டைகள் அவர் வீட்டுக் கோழிகள் இட்டவை. கேஸுக்கும் எண்ணெய்க்கும் ஊரே வரிசையில் நின்ற காலத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயங்களில் முட்டை என்பது கண்ணால் மட்டும் பார்க்கிற பொருளாகிவிட்டது. அப்போதும் டீச்சர் பொலித்தீன் பையில் உமியைப் போட்டு, அதற்குள் முட்டைகளை வைத்துக் கொண்டுவருவார். வெண்கரு சோதனைக் குழாய்க்குப் போகும். மஞ்சள் கருவை ஆசிரியர் அறை அடுப்பில் வெங்காயம் போட்டுப் பொரித்து, காலையில் வெறும் பிளேன்டீயோடு வந்த பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கொடுப்பார். ஒருநாள் அப்படிப் பொரித்துக்கொண்டே, "சேர், புரதத்தப் பத்திப் படிப்பிக்கிறது லேசு. நேத்து என்னா சாப்பிட்டன்னு இதுகள்ட்ட கேக்கத்தான் பயமா இருக்கு" என்றார். புரதத்தைக் கண்ணாடிக் குழாய்க்குள் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்.

அதற்கடுத்த வருடம், பார்வையிட வருகிறோம் என்று மேலிடத்திலிருந்து திகதி கொடுத்தார்கள். செய்முறை, புரத வீழ்படிவு. டீச்சருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மறுநாளே கௌசல்யா வந்து மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி. டீச்சரைப் போலவே விஞ்ஞான டீச்சராக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை.

"டீச்சர், அன்னைக்குக் காப்பு கட்டியிருப்பாங்களே. முட்டையத் தொட்டா வீட்டுல சேக்க மாட்டாங்க" என்றாள்.

தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்பு கட்டிவிட்டால், தேர் சுற்றி முடியும்வரை எங்கள் தோட்டத்தில் யாரும் கவிச்சியைத் தொடுவதில்லை. முட்டையும் அதற்குள்தான் அடக்கம். நானும் காப்புக் கட்டுகிறவன், எனக்கு அந்தக் கட்டு தெரியும். டீச்சர் உடனே மேலிடத்துக்குத் தொலைபேசியில் பேசினார். திகதியை மாற்ற முடியாது என்றுவிட்டார்கள். "மாத்த முடியாதாம் சேர். சரி, சாமிய மாத்தச் சொல்ல முடியுமா? முட்டைய மாத்துவோம்" என்றார்.

மைசூர்ப் பருப்பை ஊறவைத்து, அரைத்து, கொஞ்சம் உப்பு சேர்த்து, வெள்ளைத் துணியில் பலமுறை வடிகட்டினார். அந்தத் தண்ணீரிலும் இருப்பது புரதம்தான். ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து பிள்ளைகள் முன்னால் கொதிக்க வைத்தார், திரண்டது. எலுமிச்சங்காய் பிழிந்தார், திரண்டது. உரத்திலிருந்து எடுத்த உப்பைச் சேர்த்தார், அதற்கும் திரண்டது. பிள்ளைகளைவிட அவர்தான் அதிகம் கைதட்டினார். வேறொரு சமயத்தாரின் விரதத்தைக் காப்பாற்ற, தன் சமையலறையில் பருப்பு அரைத்துக்கொண்டிருந்த அந்த மனுஷியை நான் என் கண்ணால் பார்த்தேன். இதை நான் எழுதாமல் விட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை.

அந்த நாள் வந்தது. பார்வையிட வந்த அதிகாரி வேற்று மனிதரல்ல, நம்மவர்தான். லயத்து ஒற்றையறைக் காம்பராவில் பிறந்து, படித்து, மேலே போனவர். அதனால்தான் எங்களுக்கு நம்பிக்கையும் இருந்தது. கௌசல்யா மூன்று குழாய்களிலும் செய்து காட்டி, ஏன் எதற்கு என்று தெளிவாக விளக்கமும் சொன்னாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவேயில்லை. குழாயைத்தான் பார்த்தார்.

"இது முட்டை வெண்கரு இல்லியா?"

"பருப்புத் தண்ணி சேர். இதுலயும் புரதம்தான். காப்பு கட்டியிருக்கிறதால புள்ளைங்க முட்டையத் தொட மாட்டாங்க. அதுக்குத்தான் திகதிய மாத்தக் கேட்டேன்."

"ஆசிரியர் வழிகாட்டியில முட்டைன்னுதானே போட்டிருக்கு? திருவிழாவுக்காக விஞ்ஞானம் நிக்குமா டீச்சர்?"

"நிக்கலியே சேர். இந்தா, உங்க முன்னாலதான நடக்குது" என்றார் டீச்சர்.

அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. விதித்த பொருளைப் பயன்படுத்தவில்லை, வசதி போதாது என்று அறிக்கை எழுதிவிட்டுப் போய்விட்டார்.

இதோடு நின்றிருந்தாலும் தாங்கியிருக்கலாம். அன்றைக்கு அதிகாரிக்கு மாலை போடுவதற்காகக் கோவில் கமிட்டித் தலைவரும் வந்திருந்தார். பெற்றோர் குழுவிலும் அவர்தான் பெரிய ஆள். மேசையில் இருந்த குழாயைப் பார்த்தார். உள்ளே வெள்ளை வெளேரென்று திரண்டு கிடந்தது. அவித்த முட்டையை உடைத்துப் போட்ட மாதிரியேதான் இருந்தது, அதை நான் மறுக்கவில்லை.

"என்னா டீச்சர் இது? முட்டையா?"

"பருப்புங்கண்ணே. வேணும்னா மோந்து பாருங்க."

அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். "காப்புக் கையோட இதையெல்லாம் மோக்கச் சொல்றீங்களா?" என்றார். மோந்து பார்த்திருந்தால் பருப்பு என்று தெரிந்திருக்கும். மோந்து பார்க்கவே கூடாது என்பதுதான் விரதம். இந்த முடிச்சை எந்தக் கணக்கு வாத்தியாராலும் அவிழ்க்க முடியாது.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பெயர் கொடுக்க நின்ற அத்தனை பேர் வாயிலும் ஒரே பேச்சு: வேதக்கார டீச்சர் காப்பு கட்டினதுக்குப் பிறகு பிள்ளைகளை முட்டை உடைக்க வைத்தார். போதாததற்கு அந்த வருடம் தேர் அச்சு முறிந்தது. அச்சு உளுத்துப்போயிருக்கிறது என்று முந்தின வருடமே ஆசாரி சொல்லியிருந்தார். அது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

பெற்றோர் எல்லாரும் சேர்ந்து மகஜர் கொடுத்தால் இன்னொரு தடவை பார்வையிட வருவார்கள் என்று அதிபர் எப்படியோ பேசி வைத்திருந்தார். கூட்டம் போட்டோம். டீச்சர் பருப்போடும் அடுப்போடும் வந்தார். எல்லாருக்கும் முன்னால் பருப்பை அரைத்து, வடிகட்டி, கொதிக்க வைத்துக் காட்டினார். தண்ணீர் வெள்ளையாகத் திரண்டது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்போது பின்னாலிருந்து ஒருவர், "பருப்பு எங்கயாவது முட்டையாகுமா? என்னமோ கண்ணக் கட்டுறாங்க" என்றார்.

நான் எழுந்து, "அட, நீங்க தெனம் திங்கிற பருப்புய்யா அது!" என்று கத்தினேன். தலைவர் நிதானமாகச் சொன்னார்: "சேர், நீங்க கோவப்படாதீங்க. சாமி காரியம். இந்த வருசம் யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க." யாரும் போடவில்லை. கௌசல்யாவின் தகப்பனும் போடவில்லை.

ஒரே குழாய்தான். முட்டை இல்லை என்பதற்காக அதிகாரி தள்ளினார். முட்டை என்பதற்காக ஊர் தள்ளியது. இரண்டு பக்கத்துக்கும் அது பருப்பாக மட்டும் இருக்க முடியவில்லை.

பிரிவை மூடினார்கள். பிள்ளைகளை டவுனுக்குப் போகச் சொன்னார்கள், இல்லையென்றால் கலைப்பிரிவுக்கு. இரண்டு பையன்கள் போனார்கள். பெண் பிள்ளைகளில் ஒருத்தியும் போகவில்லை. கௌசல்யாவின் தகப்பனிடம் டீச்சர் நேரே வீட்டுக்கே போய்ப் பேசினார். "பொம்பளப் புள்ளைய வெளிய விட முடியாதுங்க டீச்சர்" என்றவர், அதே பிள்ளையைச் சில மாதங்களில் கொழும்புக்கு வேலைக்கு அனுப்பினார். அடப் பாவிகளா என்று எனக்குக் கத்தத் தோன்றியது. டீச்சர் கத்தவில்லை. ஆறாம் வகுப்புக்குச் சுகாதாரம் படிப்பிக்கப் போனார்.

இடமாற்றம் கேளுங்கள் என்று எத்தனையோ தடவை சொன்னேன். "திரும்பத் தொறப்பாங்க சேர். அப்ப நான் இங்க இருக்க வேணாமா?" என்பார்.

"இது கொதிச்ச கேஸ் டீச்சர். திரும்பி வராது."

"இல்ல சேர். உப்புப் போட்ட கேஸ்தான். தண்ணி ஊத்த ஆள் வரணும், அவ்வளவுதான்."

அந்த நம்பிக்கையை அவர் கடைசிவரை விடவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த ஒரே கோபம் அதுதான். நம்பத் தகாத எங்களை இவ்வளவு நம்பியிருக்கக் கூடாது.

பிறகு சிறுநீரகம் பழுதானது. இரத்தம் சுத்திகரிக்கக் கண்டிக்கும் வீட்டுக்கும் பஸ்ஸில் அலைந்தார். பார்க்கப் போயிருந்தபோது, வீங்கிய கால்களை நீட்டிக்கொண்டு, "கேட்டீங்களா சேர், என் புரதமெல்லாம் சிறுநீரோட போவுதாம். படிப்பிச்சது போதும்னு அதுவே வெளிய கெளம்பிருச்சு" என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. வெளியே வந்து கோழிக்கூட்டுப் பக்கம் நின்று அழுதேன்.

அவர் பிறந்த தோட்டத்துச் சேமக்காலையில் அடக்கம். மழை தூறிக்கொண்டிருந்தது, கீழே மஸ்கெலியாக் குளம் மங்கலாகத் தெரிந்தது. கமிட்டித் தலைவர் ஆட்களோடு முதல் நாளே வந்து பந்தல் போட்டு, வெள்ளைக்கொடி கட்டி, எல்லா வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தார். பெட்டியைப் பார்த்து உண்மையாகவே அழுதார். எனக்கு அவரை வெறுக்கவும் முடியவில்லை, பக்கத்தில் நிற்கவும் முடியவில்லை.

அதிகாரி மலர்வளையத்தோடு வந்து பேசினார். "முட்டைகூடக் கிடைக்காத சூழலில், வெறும் பருப்பைக் கொண்டே புரத வீழ்படிவைக் கற்பித்த மேதை அவர். அந்த அற்புதத்தை நேரில் கண்ட பாக்கியம் எனக்குக் கிடைத்தது" என்றார். கூட்டம் உச்சுக்கொட்டியது. தலைவர் தலையை ஆட்டினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் இறங்கி வந்ததும் வழியில் மறித்தேன். "நல்லாப் பேசினீங்க சேர். அப்ப அந்தப் பிரிவத் திரும்பத் தொறந்து தருவீங்களா?"

அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. "தொறக்கலாம்தான் சேர். ஆனா இப்ப படிப்பிக்க ஆள் இல்லியே" என்றார்.

என் பக்கத்தில் கௌசல்யா நின்றாள். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திருந்தாள், கையில் பூ வைத்திருந்தாள். அதிகாரி அவளைப் பார்த்து, மரியாதைக்காக, "நீங்க டீச்சரோட மாணவியா? எந்த ஸ்கூல்ல படிப்பிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"புறக்கோட்டையில சாரிக் கடையில நிக்கிறேங்க சேர்" என்றாள் அவள்.

அவளுக்கு ஒருநாள் லீவுதான் கொடுத்திருந்தார்கள். மண் போட்டுவிட்டு, சாப்பிடாமலேயே பஸ்ஸுக்கு ஓடினாள். கூட்டம் கலைந்த பிறகும் நான் கொஞ்ச நேரம் நின்றேன். மழையில் புது மண் கரைந்து ஓரமாக வழிந்துகொண்டிருந்தது.

டீச்சர், உங்களை வணங்கி விடை தருகிறேன். உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கேட்க வேண்டியவர்கள் மாலையோடு வந்து, கேட்காமலேயே போய்விட்டார்கள்.